விமான சிமுலேட்டர் திக்கினால் எந்தப் பாகத்தைச் சந்தேகிப்பது?

2021 கடைசியில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் லண்டன் ஹீத்ரோவில் ஏ320 விமானத்தோடு நின்றால் 27 எஃப்பிஎஸ்தான் (நொடிக்கு எத்தனை படம், அதாவது ஃப்ரேம், என்ற கணக்கு) வந்தது. ஜிடிஎக்ஸ் 1660 கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது, அதுதான் குற்றவாளி என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, அன்றைக்கு விற்ற அநியாய விலையில் ஓர் ஆர்டிஎக்ஸ் 3070 வாங்கி மாட்டினேன். அதே ஹீத்ரோ, அதே கேட், அதே விமானம். 29 வந்தது. அந்த இரண்டு ஃப்ரேமுக்கு என்ன விலை கொடுத்தேன் என்பதை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சுட்டு விளையாடும் கேம்களில் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் மூச்சு வாங்கும். விமான சிமுலேட்டரின் கணக்கு வேறு. இறக்கையில் காற்று எப்படி மோதுகிறது, எரிபொருள் எவ்வளவு மிச்சம், ஆட்டோபைலட் என்ன சொல்கிறது, பக்கத்து கேட்டில் நிற்கும் விமானம் எப்போது நகரும், அடுத்த மலைக்கான தரைப்படத்தை எப்போது ஏற்றுவது, இத்தனையும் முடிந்த பிறகுதான் ஒரு ஃப்ரேம் வரைவதற்காகக் கார்டிடம் போகும். இந்த வேலைகளில் பெரும்பகுதி ப்ராசசரின் ஒரே ஒரு த்ரெட்டில் (ஒன்றன்பின் ஒன்றாக வேலை நடக்கும் தடம்) வரிசை கட்டி நிற்கிறது. அதைத்தான் மெயின் த்ரெட் என்கிறார்கள். கல்யாண வீட்டில் பரிமாறப் பத்துப் பேர் தயாராக நின்றாலும், சோறு வடிக்க ஒரே ஆள் என்றால் பந்தி அவர் வேகத்தில்தான் நகரும். என்னுடைய ஐ5 9400எஃப் ப்ராசசர்தான் அந்தச் சமையல்காரர். நான் பரிமாறுகிற ஆளை மாற்றிவிட்டு சாப்பாடு ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் கீழே வருவதை, எந்தப் பாகம் நல்ல பாகம் என்கிற பட்டியலாக எழுதவில்லை. உங்கள் கணினி எப்படிப் படுத்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் அளவெடுப்பது

ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, 2024 இரண்டிலும் பொது அமைப்புகளுக்குள் டெவலப்பர் மோட் என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் திரையின் மேலே ஒரு மெனுப் பட்டை வரும். அதில் எஃப்பிஎஸ் காட்டும் தேர்வைத் தட்டினால் மூலையில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். எல்லாரும் அதில் பெரிதாகத் தெரியும் எஃப்பிஎஸ் எண்ணைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது 'லிமிட்டெட் பை' என்று தொடங்கும் வரி. அங்கே மெயின் த்ரெட் என்று இருந்தால் ப்ராசசர் பக்கம் இடிக்கிறது. ஜிபியு என்று இருந்தால் கிராபிக்ஸ் கார்டு பக்கம். பறக்கப் பறக்க இது மாறிக்கொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம்.

எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் டேட்டா அவுட்புட்டில் ஃப்ரேம் ரேட் வரியைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். சிபியு நேரம், ஜிபியு நேரம் என்று இரண்டு எண்கள் வரும். எது பெரிதோ அதுதான் ஆள்.

சோதனைப் பயணம் ஒன்றைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இடம், விமானம், நேரம், வானிலை எதுவும் மாறக்கூடாது. மேகமில்லாத பகல், கேமின் நேரடி வானிலை ஆஃப். பெரிய விமான நிலையத்தின் கேட்டில் ஓர் எண், கிளம்பி 5000 அடியில் ஓர் எண், கடலுக்கு மேலே ஓர் எண். சென்னையிலிருந்து கிழக்கே கிளம்பினால் இந்த மூன்றும் கால் மணி நேரத்தில் கிடைத்துவிடும். அளவெடுக்கும்போது விசிங்க் (மானிட்டரின் வேகத்தோடு ஃப்ரேமை ஒத்துப்போக வைப்பது), ஃப்ரேம் பூட்டு, ஃப்ரேம் ஜெனரேஷன் (இதைப் பின்னால் சொல்கிறேன்) எல்லாம் அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய்க் கணக்கு வரும்.

டாஸ்க் மேனேஜரைப் பார்த்து ஏமாறாதீர்கள். "ப்ராசசர் 25 சதவீதம்தான் ஓடுது, அப்ப ப்ராசசர் மேல தப்பில்ல" என்று நிறையப் பேர் சொல்வார்கள், நானும் சொன்னவன்தான். 8 கோர், 16 த்ரெட் உள்ள ப்ராசசரில் ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது சுமார் 6 சதவீதம். சமையல்காரர் வியர்த்து வழிவது அந்தச் சராசரியில் தெரியாது.

இதெல்லாம் தலைசுற்றினால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. படத்தை எவ்வளவு புள்ளிகளில் வரைவது என்று சொல்லும் ரெண்டர் ஸ்கேலை 100இலிருந்து 50க்கு இறக்குங்கள். படம் மங்கும், பரவாயில்லை. எஃப்பிஎஸ் எகிறினால் கார்டு பக்கம் இடிக்கிறது. அசையாமல் நின்றால் ப்ராசசர் பக்கம். இதை நான் 2021இல் செய்திருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும்.

பெரிய விமான நிலையத்தில் தவழ்கிறது, கடலுக்கு மேலே பறக்கிறது

இதுதான் அதிகம் பேருக்கு வரும் நோய். கேட்டில் 25, வானத்தில் 60. கார்டு பாதி தூக்கத்தில் இருக்கும். பெட்டியில் மெயின் த்ரெட் என்று வரும்.

காசு செலவழிக்கும் முன் மூன்று விஷயங்களைத் தொடுங்கள். ஒன்று, டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெயில். இது 200இல் இருந்தால் 100க்குக் கொண்டுவாருங்கள். எவ்வளவு தொலைவு வரை தரையும் கட்டடமும் நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது, அந்தச் சுமை நேராக மெயின் த்ரெட் தலையில் விழும். இரண்டு, போக்குவரத்து. தரையில் ஓடும் வண்டிகள், நிறுத்தி வைத்த விமானங்கள், மற்ற விமானங்கள் எல்லாவற்றையும் ஒரு தடவை பூஜ்யமாக்கிப் பாருங்கள். மூன்று, காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகம். ஏர்பஸ், போயிங் ரக விமானங்களில் ஐந்தாறு திரைகள் ஓயாமல் வரைந்துகொண்டிருக்கும். இதை மீடியமாக்கினால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. எனக்கு இந்த மூன்றிலேயே ஹீத்ரோ 29இலிருந்து 38க்குப் போனது. செலவு பூஜ்யம்.

அப்புறம் ரேம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். 3200 என்று அட்டையில் போட்டு வாங்கிய டிடிஆர்4 ரேம் அங்கே 2133 அல்லது 2400 என்று காட்டினால், பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது வரும் போர்டின் அடிப்படை அமைப்பு) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ஆன் ஆகவில்லை என்று பொருள். டிடிஆர்5 என்றால் 6000 வாங்கியும் 4800 காட்டும். ஏஎம்டி போர்டுகளில் இதே வசதிக்கு எக்ஸ்போ என்றும் பெயர் இருக்கும். கடையில் அசெம்பிள் செய்து தருகிறவர்கள் அவசரத்தில் இதை விட்டுவிடுவது சகஜம். அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்படுகிறது என்றும் தெரியும். ஒரே குச்சிதான் இருக்கிறதா? டிடிஆர்4 3200இல் ஒரு சேனல் நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும், இரண்டு சேனல் 51.2 ஜிபி. நீங்கள் பாதிப் பாதையை மூடிவைத்துக்கொண்டு ஓடுகிறீர்கள். இரண்டு குச்சி இருந்து, நான்கு ஸ்லாட் போர்டு என்றால், பொதுவாக ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். போர்டோடு வந்த கையேட்டில் படமே போட்டிருக்கும்.

இவ்வளவும் செய்து போதவில்லை என்றால்தான் புது ப்ராசசர். இங்கே கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவதுதான் பெரிய பொறி. 16 கோர் வாங்கினால் சமையலறையில் 16 பேர் நிற்பார்கள், அடுப்பில் அதே ஒருவர்தான். 6 கோர் போதும், 8 கோர் தாராளம். பார்க்க வேண்டியது ஒரு கோரின் வேகம், அப்புறம் எல்3 கேஷ்.

கேஷ் ஏன் இவ்வளவு முக்கியம்? சமையல்காரருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி இருந்தால் கடுகு எடுக்க ஒரு நொடி. இல்லாவிட்டால் ஒவ்வொரு தாளிப்புக்கும் சரக்கறை வரை நடக்க வேண்டும். சிமுலேட்டர் தொடும் தகவல் அங்கங்கே சிதறிக் கிடக்கும், ஆகவே நடை அதிகம். ரேம் சரக்கறை, எல்3 கேஷ் அஞ்சறைப் பெட்டி. ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸில் அது 32 எம்பி. 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டியில் அதே 8 கோர்தான், கேஷ் மட்டும் 96 எம்பி. கடிகார வேகம் கொஞ்சம் குறைவாக இருந்தும், சிமுலேட்டரில் இது 5800எக்ஸை எளிதாகத் தாண்டியது. ஏஎம்டியின் பழைய ஏஎம்4 வகை போர்டு வைத்திருப்பவர்களுக்கு இதுவோ இதன் தம்பி 5700எக்ஸ்3டியோ கடையில் கிடைத்தால் லாட்டரி மாதிரி. பயாஸை மட்டும் புதுப்பித்து மாட்டிவிடலாம். போர்டு, ரேம் எதுவும் மாற்ற வேண்டாம். புதிதாகக் கட்டுகிறவர்கள் ஏஎம்5 போர்டில் 7800எக்ஸ்3டி அல்லது 9800எக்ஸ்3டி பக்கம் பாருங்கள். என் பழைய இன்டெல் போர்டுக்கு இந்த யோகம் இல்லை. கடைசியில் போர்டு, ப்ராசசர், ரேம் மூன்றையும் மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது.

எக்ஸ்-பிளேனில் இந்த நோய்க்கு இன்னொரு முகம் உண்டு. எஃப்பிஎஸ் 20க்குக் கீழே போனால் அது விமானத்தின் கணக்கு குழம்பாமல் இருக்க நேரத்தையே மெதுவாக்கிவிடும். இறங்குவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கிறதே என்று தோன்றினால் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஃப்பிஎஸ் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வெட்டி வெட்டி இழுக்கிறது

சராசரி 45 காட்டும். தலையைத் திருப்பினால் ஒரு வெட்டு, இறங்கும்போது ஒரு வெட்டு, முக்கால் மணி நேரம் பறந்த பிறகு நிறைய வெட்டு. இதற்கு ஒரே காரணம் கிடையாது, நான்கு பேரைச் சந்தேகிக்கலாம்.

முதல் ஆள், கார்டின் சொந்த நினைவகம். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் டெடிகேட்டட் மெமரி, ஷேர்டு மெமரி என்று இரண்டு கோடுகள் ஓடும். முதலாவது நிரம்பி, இரண்டாவது ஏற ஆரம்பித்தால் அங்கேதான் வெட்டு. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 272 ஜிபி எடுக்கும். அது நிரம்பி மதர்போர்டு வழியாக ரேமிலிருந்து இழுக்க வேண்டி வந்தால், அந்தப் பாதையின் அகலம் நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான். நான்கு வழிச் சாலையில் வந்த வண்டி சந்துக்குள் நுழைந்தது மாதிரி.

டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்) அளவை அல்ட்ராவிலிருந்து ஹையோ மீடியமோ ஆக்கினால் இது அநேகமாகச் சரியாகும். மற்ற அமைப்புகளைக் குறைப்பதைவிட இதைக் குறைப்பது நல்லது. புதுக் கார்டு வாங்குவதானால், 2024 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் அளவு 8 ஜிபி, உயர்ந்த நிலைக்கு 12 ஜிபி. என் கணக்கில் இன்றைக்கு 8 ஜிபி கார்டை சிமுலேட்டருக்கென்று புதிதாக வாங்குவது வீண். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டு 8 ஜிபியிலும் வருகிறது, 16 ஜிபியிலும் வருகிறது. பெயர் ஒன்றுதான், பெட்டியில் இருக்கும் எண்ணைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இரண்டாவது ஆள் ரேமின் அளவு. 2020 பதிப்புக்கு 16 ஜிபி பரிந்துரை, 2024க்கு அது 32 ஆகிவிட்டது. 16இல் ஓடும், பக்கத்தில் பிரவுசரும் வரைபடமும் திறந்தால் திணறும். வாங்கும்போது 16 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் பல போர்டுகளில், அதுவும் டிடிஆர்5 என்றால், ரேமின் வேகம் இறங்கிவிடும்.

மூன்றாவது ஆள் இணையம். 2020 பதிப்பு 150 ஜிபி இடம் கேட்டது, 2024 வெறும் 50 கேட்கிறது. மீதியெல்லாம் பறக்கும்போது வந்து இறங்குகிறது என்று அர்த்தம். குறைந்தபட்சம் 10 எம்பிபிஎஸ், பரிந்துரை 50. கட்டடங்கள் உருகிய மெழுகு மாதிரி தெரிந்தாலும், தரை கலங்கலாகவே கிடந்தாலும், கணினியில் எந்தப் பாகத்தை மாற்றியும் பயனில்லை. 2020 பதிப்பில் டேட்டா பகுதிக்குப் போய் ஆன்லைன் தரைப்படத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பறந்து பாருங்கள். வெட்டு போய்விட்டால் வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் இழுங்கள். அது முந்நூறு நானூறு ரூபாய் வேலை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பறக்கிறேன் என்று ஒருவர் சொன்னார். அவருடைய அன்றைய டேட்டா டேக்ஆஃபுக்குள்ளேயே தீர்ந்திருக்கும்.

நான்காவது ஆள் யாரும் சந்தேகப்படாத மானிட்டர். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 40, 52, 44 என்று எஃப்பிஎஸ் ஆடினால், சில படங்கள் ஒரு தடவையும் சில படங்கள் இரண்டு தடவையும் காட்டப்படும். கண் அதைத் திக்கலாக உணரும். எஃப்பிஎஸ்ஸை 30இல் பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு தடவை வரும். 30 என்றதும் முகம் சுளிக்காதீர்கள். பயணிகள் விமானம் ஓட்டுவதற்குச் சீரான 30, தடுமாறும் 50ஐவிட இதமாக இருக்கும். ஃப்ரேம் வரும் வேகத்துக்குத் தானே ஒத்துப்போகும் ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க் உள்ள மானிட்டர் என்றால் இந்தத் தலைவலி பெருமளவு தானே போய்விடும்.

எங்கே போனாலும் மெதுவாக இருக்கிறது, மேகத்துக்குள் இன்னும் மோசம்

இங்கே கார்டுதான் குற்றவாளி. கார்டு 98, 99 சதவீதத்திலேயே நிற்கும். எந்தக் கார்டு வேண்டும் என்பதை உங்கள் மானிட்டர் தீர்மானிக்கிறது. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பியில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். 4கேயில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நான்கு மடங்கு கோலம் போட வேண்டும். மானிட்டரை 4கேயாக மாற்றிவிட்டு கேம் மெதுவாகிவிட்டது என்று வருந்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

மேகத்தை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்குவதுதான் இங்கே முதல் மருந்து. அடுத்தது டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர். குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தை. காட்சிக்கு அருமையாக இருக்கும். ஆனால் காக்பிட் திரையில் ஓடும் உயர எண்கள் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டு நிழலாகத் தெரியலாம். கருவிகளைப் பார்த்தே பறக்கிற ஆளுக்கு அது எரிச்சல், ஊர் சுற்றிப் பார்க்கிற ஆளுக்குப் பொருட்டே இல்லை.

ஃப்ரேம் ஜெனரேஷன் பற்றி ஒரு வார்த்தை. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்து என்விடியா கார்டுகள் இரண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவே ஒன்றைத் தாங்களே கற்பனை செய்து செருகும். சமையல்காரரைத் தொந்தரவு செய்யாமல் இது நடப்பதால், மெயின் த்ரெட்டில் இடிக்கும் கணினியிலும் எஃப்பிஎஸ் உயரும். ஸ்டிக்கை அசைத்ததற்கும் விமானம் திரும்புவதற்கும் நடுவே கொஞ்சம் தாமதம் கூடும். சுடும் கேமில் நான் இதைத் தொட மாட்டேன், 70 டன் விமானத்தில் தாராளமாகப் போடுவேன்.

வி.ஆர். கண்ணாடி போட்டுப் பறக்க ஆசைப்படுகிறவர்கள், இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரைய வேண்டும் என்பதை மனத்தில் வைத்து, மேலே சொன்னதற்கு ஒரு படி மேலே கார்டு பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் ஜோர், அப்புறம் படுத்துவிடுகிறது

சூடு. லேப்டாப்களில் இது கிட்டத்தட்ட நிச்சயம். வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டு, விழும் நேரத்தில் ப்ராசசர் எத்தனை டிகிரி, கடிகார வேகம் எவ்வளவு என்று பாருங்கள். 95ஐத் தாண்டி, வேகமும் சரிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மே மாத மதியத்தில் அறையே 36, 37 டிகிரி என்றால் மின்விசிறி உள்ளே இழுப்பதும் அந்தக் காற்றைத்தான். காற்று வரும் ஓட்டையில் அடைத்த தூசியைச் சுத்தம் செய்வது, லேப்டாப்பின் பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கி வைப்பது, மூன்று நான்கு வருடம் ஆன மெஷின் என்றால் தெர்மல் பேஸ்ட் மாற்றுவது. இவற்றுக்குப் பிறகுதான் வேறு யோசனை. மெத்தை மேல் வைத்துப் பறக்கிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

என் சித்தி பையன் போன வருடம் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் வாங்கினான். அதே கார்டு போட்ட நண்பனின் லேப்டாப்பில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓட, இவனுடையது திணறியது. "அண்ணா, ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டான். ஏமாற்றவில்லை. லேப்டாப் 4060க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை மின்சாரம் தரலாம் என்பது என்விடியாவின் வரையறை. எவ்வளவு தருவது என்பது லேப்டாப் செய்கிற நிறுவனத்தின் இஷ்டம். அவனுடையது மெல்லிசு மாடல், குறைந்த வாட். போதாக்குறைக்கு ஒரே ரேம் குச்சி. இரண்டாவது குச்சி போட்டதும் பாதி நோய் தீர்ந்தது, மீதி அந்த மெல்லிய உடம்போடு வந்தது. வாங்கும் முன் விவரக்குறிப்பில் டிஜிபி என்று எழுதியிருக்கும் வாட் அளவைத் தேடிப் படியுங்கள். அது எழுதாத மாடலைத் தள்ளிவையுங்கள். அப்புறம், சார்ஜர் மாட்டாமல் சோதிக்காதீர்கள்.

நடு வானில் கேம் மூடிக்கொள்கிறது, அல்லது கணினியே அணைகிறது

இவை இரண்டும் வேறு வேறு நோய். கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப் வந்தால் முதலில் கம்யூனிட்டி ஃபோல்டரைச் சந்தேகியுங்கள். அதன் பெயரை மாற்றிவிட்டு, வெளியிலிருந்து போட்ட விமானம், விமான நிலையம் எதுவும் இல்லாமல் ஓட்டுங்கள். மூடுவது நின்றால், பாதிப் பாதியாகத் திரும்பப் போட்டுக் குற்றவாளியைப் பிடிக்கலாம். அப்போதும் மூடினால் ஓவர்கிளாக்கை (பாகத்தை அதன் வரையறைக்கு மேல் வேகமாக ஓட்டுவது) எடுங்கள், எக்ஸ்எம்பியையும் ஒரு நாள் அணைத்துப் பாருங்கள்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அவற்றில் தேவைக்கு மீறிய வோல்டேஜால் ப்ராசசரே நாளடைவில் கெடும் குறை இருந்ததை இன்டெல் ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் அதற்கான மைக்ரோகோடை (பயாஸ் வழியாக ப்ராசசருக்குப் போகும் திருத்தம்) வெளியிட்டது, வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டியது. போர்டின் பயாஸ் அதற்கு முந்தையது என்றால் இன்றே புதுப்பியுங்கள். புதுப்பிப்பு இனிமேல் கெடாமல் காக்கும், கெட்டதை மீட்காது. பயாஸ் புதிது, கேம்கள் காரணமில்லாமல் மூடுகின்றன, கார்டில் இடம் இருந்தும் வீடியோ நினைவகம் போதவில்லை என்று பிழை வருகிறது என்றால் வாரன்டியில் ப்ராசசரை மாற்றக் கேளுங்கள்.

கணினியே பட்டென்று அணைந்து போனால், உள்ளே எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்புங்கள். கார்டு ஒரு கணத்துக்குத் தன் சராசரியைவிட மிக அதிகமாக மின்சாரத்தை இழுக்கும், அந்தக் கணத்தைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் தற்காப்புக்காக அணைந்துவிடும். கார்டு நிறுவனம் சொல்லும் வாட்டுக்கு ஒரு படி மேலே வாங்குங்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் அதைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

நம் ஊர்களில் இன்னொரு சந்தேகநபர் யூபிஎஸ். 600 விஏ என்று எழுதியதைப் பார்த்து 600 வாட் என்று நினைப்போம். பெரும்பாலான மாடல்களில் அது 360 வாட்தான். மானிட்டரும் சேர்ந்து சிமுலேட்டர் ஓடும்போது அதைத் தாண்டிவிடுவது எளிது. கரன்ட் போன அதே நொடியில் எல்லாம் அணைந்தால் யூபிஎஸ் இருந்தும் இல்லாதது போலத்தான். விலை குறைந்த யூபிஎஸ்கள் பேட்டரியிலிருந்து தரும் மின்சாரத்தின் அலை சதுரமாக இருக்கும். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு அது ஒத்துவராது. ப்யூர் சைன் வேவ் என்று போட்ட யூபிஎஸ் தேடுங்கள். சோதிப்பது எளிது. ஃபைல்களை மூடிவிட்டு, சிமுலேட்டர் ஓடும்போது யூபிஎஸ்ஸுக்கு மின்சாரம் வரும் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்.

கேம் திறக்கவே காபி ஆறிவிடுகிறது

ஹார்ட் டிஸ்க்கில் போட்டிருக்கிறீர்கள். எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். சாட்டா எஸ்எஸ்டியா என்விஎம்இயா என்பது இங்கே பெரிய விஷயமில்லை, காலி இடம் தாராளமாக இருக்கட்டும். எஃப்பிஎஸ் இதனால் ஏறாது.

ஓடுபாதையில் விமானம் இடது பக்கம் இழுக்கிறது

புது ஜாய்ஸ்டிக் வாங்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். செஸ்னா 172 மாதிரி ஒற்றை ப்ரொப்பெல்லர் விமானத்தில் முழு த்ராட்டில் கொடுத்தால் அது இடது பக்கம் இழுக்கத்தான் வேண்டும். சுழலும் ப்ரொப்பெல்லரும் அது பின்னால் தள்ளும் காற்றும் செய்கிற வேலை. நிஜ விமானியும் வலது ரடரை (மூக்கை இட வலமாகத் திருப்பும் பெடல்) மிதித்துக்கொண்டுதான் ஓடுவார். சிமுலேட்டர் சரியாக இருக்கிறது, உங்கள் வலது கால்தான் சும்மா இருக்கிறது.

இரட்டை ஜெட் விமானமும் இழுக்கிறது என்றால் அது கருவியின் கோளாறு. விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் அமைப்பைத் திறந்து, ஸ்டிக்கைத் தொடாமல் புள்ளி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நடுங்கினாலோ விலகி நின்றாலோ உள்ளே அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கும். கேமில் டெட் ஸோனை (நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) 5 சதவீதம் அளவுக்கு வைத்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம். அடுத்த முறை வாங்கும்போது ஹால் எஃபெக்ட் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். காந்தத்தை வைத்து அளப்பதால் உரசித் தேய எதுவும் இல்லை. புள்ளி நடுவில் ஆணி அடித்தது போல நின்றும் விமானம் இழுத்தால், ஒரே ரடர் வேலையை இரண்டு கருவிகளுக்குக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். புதுக் கருவியைச் செருகியதும் கேம் தானாகவே அச்சுகளை ஒதுக்கிவிடும், பழையதில் இருந்ததை எடுக்காது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ஒன்று மேசையில் சும்மா கிடந்து ஒருவருடைய 737ஐப் புல்தரைக்கு இழுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பறக்கும்போது ஜாய்ஸ்டிக் செத்துச் செத்துப் பிழைக்கிறதா? விண்டோஸின் பவர் அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை அணையுங்கள். ஸ்டிக், த்ராட்டில், பெடல் மூன்றையும் ஒரே சின்ன ஹப்பில் செருகியிருந்தால், தனி அடாப்டர் உள்ள ஹப்புக்கு மாற்றுங்கள்.

முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு என் ஓட்டு, முறுக்கினால் ரடர் வேலை செய்யும் சாதாரண ஜாய்ஸ்டிக்குக்குத்தான். பெடல் தனியாக வாங்க வேண்டாம், அதிலேயே சின்ன த்ராட்டில் இருக்கும். ஏர்பஸ்தான் ஓட்டுவேன் என்றால் அதிலேயே வாழ்நாள் முழுக்க ஓட்டலாம், நிஜ ஏர்பஸ்ஸிலும் சைடுஸ்டிக்தான். செஸ்னாவும் 737உம் என்றால், ஆறு மாதம் கழித்தும் ஆசை அடங்காமல் இருந்தால், யோக் (ஸ்டீயரிங் மாதிரி இரு கையால் பிடிப்பது) வாங்குங்கள். வாங்கும் முன் மேசையின் விளிம்பு எத்தனை அங்குலத் தடிமன் என்று அளந்துகொண்டு போங்கள். என்னுடைய யோக்கின் கிளாம்ப் என் மேசைக்குப் பொருந்தவில்லை. இப்போது அது மாவுப் பலகை மேல் திருகப்பட்டு, மடியில் உட்கார்ந்து பறக்கிறது.